ஆயுத பூஜைக்குக் கழுவிய கேரவன்

"வீட்டுக்குச் சக்கரத்த மாட்டிவிட்டா அதுல எவன் வந்து குடியிருப்பான் ஆத்தா?"

அப்பா தன் ஜீப்பை விற்ற அன்று பெரியப்பா எங்கள் வாசலில் நின்று என்னிடம் கேட்டது இது. தெருவில் நின்ற பத்துப் பேர் காதிலும் விழுந்தது. "எத்தனை குடும்பம் வருதுன்னு பாருங்க பெரியப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சிரித்தது முகம் மட்டும்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் வணிகவியல் படித்தேன். அப்பாவுக்குத் தன் பெயரை எழுத வரும், அதற்கு மேல் வராது. இருபது வருடம் விடியுமுன் கிளம்பி, கம்பத்திலிருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் ஏற்றிப் போனார். மலைப்பாதையில் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிவிட்டது. ஜீப்பை விற்கச் சொன்னது நான். மேகமலைக்கும் தேக்கடிக்கும் வருகிற குடும்பங்கள் ரூம் கிடைக்காமல் அலைவதைப் பார்த்திருந்தேன். கோட்டயம் பக்கம் ஒருவரிடம் பழைய கேரவன் ஒன்று விலைக்கு வந்தது. இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு, கழிப்பறை. அதை அப்பா பெயரில் வாங்கினோம். இன்சூரன்ஸ் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அப்பா போட்டார்.

முதல் கோடையில் வண்டி ஓய்வில்லாமல் ஓடியது. அப்பா ஓட்டுவார், ஒரு இடத்தில் நிறுத்திவிட்டால் இரண்டு நாள் காலுக்கு ஓய்வு, அம்மா சமையல் சாமான் கட்டிக் கொடுப்பாள், போனில் முன்பதிவை நான் பார்த்துக்கொள்வேன். ஜூனில் மலையில் மழை இறங்கியதும் ஆள் வரத்து நின்றது. அவ்வளவு பெரிய வண்டியை எங்கள் சந்தில் நனையவிட மனமில்லை. பெரியப்பாவுக்குப் போடி சாலையில் இலவம்பஞ்சு குடோன் இருக்கிறது. "அங்கன ஒரு ஓரமா நிக்கட்டும்" என்றார். வாடகை கேட்கவில்லை. கூரை இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, வண்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த மூட்டைகளில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவ்வளவும் இலவம் விதை. எண்ணெய்ப் பசை உள்ள விதை, எலிக்கு விருந்து.

கார்த்திகை முதல் தேதிக்கு ஐயப்பன் கோயில் போகும் கூட்டம் ஒன்று வண்டியைக் கேட்டிருந்தது. அதனால் ஆயுத பூஜைக்கு முதல் நாள் நானும் அப்பாவும் போய்க் கதவைத் திறந்தோம். முதலில் அடித்தது நாற்றம். படுக்கையின் நடுவில் ஒரு குழி, அதற்குள் பஞ்சும் கிழிந்த திரைத்துணியும் விதைத் தோலும் சேர்த்துக் கட்டிய கூடு. அடுப்பு மேடை முழுக்கப் புழுக்கை. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஒயர்கள் நார்நாராகத் தொங்கின.

அப்பா படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே போன் செய்தேன். "சர்வேயர் வந்து சேதத்தப் பாக்குற வரைக்கும் ரிப்பேர் எதுவும் பண்ணாதீங்க மேடம். பூஜை லீவு முடிஞ்சு வருவாரு" என்றது ஒரு பெண் குரல். சரி என்றேன். கழுவுவதை யாராவது ரிப்பேர் என்பார்களா? ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் சைக்கிளைக்கூடக் கழுவாமல் பொட்டு வைக்கமாட்டார்கள். அதுவும் பெரியப்பா குடோனில், அவர் கண்முன்னே, புழுக்கையோடு என் வண்டி நிற்பதா? ஒரு போட்டோகூட நான் எடுக்கவில்லை. போன் கையில்தான் இருந்தது. அந்தக் கோலத்தில் அதைப் படம் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை.

மதியமே அம்மாவை வரவழைத்தேன். மூன்று பேரும் சேர்ந்து கூட்டினோம். கூட்டையும் மெத்தையையும் குடோனுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினோம். தொங்கிய ஒயர்த் துண்டுகளையும் அறுத்து அதே நெருப்பில் போட்டேன். பிறகு மோட்டார் போட்டு உள்ளும் புறமும் அடியிலும் தண்ணீர் பாய்ச்சினோம். மறுநாள் காலை சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சம்பங்கி மாலை என்று எல்லாம் வைத்ததும் வண்டி கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது.

பெரியப்பா பொரிகடலைத் தட்டோடு வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை போனார்.

"குடியிருக்க யாரு வருவான்னு கேட்டேன். வந்துட்டாக போல. வாடகை குடுத்தாகளா ஆத்தா?"

குடோன் ஆட்கள் சிரித்தார்கள்.

"ஒங்க குடோன்ல வளந்ததுதான் பெரியப்பா, ஒங்களையே கேளுங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, வண்டியை ஏற்றி நசுக்க வேண்டும். அப்பா என் பக்கம் குனிந்து, "வேணாம் ஆத்தா. எலக்ட்ரீசியன் வந்து பாக்கட்டும். சும்மா தள்ளி ஏத்திக்கிருவோம்" என்றார்.

"நாலு பேரு தள்ளிவிடுறதுக்கா இத வாங்குனோம்? ஸ்டார்ட் பண்ணுங்கப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ஏறிச் சாவியைத் திருகினார்.

இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை டேஷ்போர்டுக்குள் இருந்து புகை கிளம்பியது. அம்மா கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை ஊற்ற ஓடிவந்தாள். "ஊத்தாத, ஊத்தாத" என்று கத்தியபடியே அப்பா கீழே குதித்தார், வீங்கிய காலை ஊன்றி. எலுமிச்சம்பழம் நசுங்காமல் அப்படியே கிடந்தது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை, பெரியப்பாவும்தான்.

மூன்றாம் நாள் மதுரையிலிருந்து சர்வேயர் வந்தார். வாடிய மாலையையும் சந்தனப் பொட்டையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, எலி கடிச்ச வண்டின்னு சொன்னீங்க. இது பொண்ணு பாக்க வந்த மாதிரில இருக்கு? எங்க கடி?"

அறுத்து எறிந்ததைச் சொன்னேன். சாம்பலைக் காட்டினேன். அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எலி கடிக்கிறது ஒண்ணு. ஈர ஒயர்ல கரண்ட் விட்டு மெயின் போர்டக் கருக்குறது வேற ஒண்ணு. அதுக்குப் பாலிசியில எடம் இல்ல. ஸ்டார்ட் பண்ணது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்தார். "நாந்தான் சார். இந்தப் புள்ள வேணாம் வேணாம்னுச்சு. படிக்காதவன், எனக்குத் தெரியல."

நான் பேசாமல் நின்றேன். அதுதான் நான் செய்ததிலேயே கேவலமான காரியம்.

கம்பெனியிலிருந்து வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எலி கடித்த அடையாளம் காணப்படவில்லை, மின்பாகங்கள் கருகியது உரிமையாளரின் கவனக்குறைவால், எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அப்பாவுக்குத் தமிழில் சொன்னபோது அந்த நடு வரியை விட்டுவிட்டேன். "இல்லேன்னுட்டாகளா?" என்று மட்டும் கேட்டார். மெயின் போர்டு மாற்றுவதற்கு எங்களிடம் வழியில்லை. ஐயப்ப பக்தர்கள் வேறு வண்டி பேசிவிட்டார்கள்.

போன வாரம் திங்கட்கிழமை அப்பா மறுபடியும் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனார், கூலிக்கு ஓட்ட. அவர் விற்ற அதே ஜீப். வாங்கியவரின் முழங்கால் நன்றாக இருக்கிறது, ஆனால் மலைப்பாதை பயமாம். சாயங்காலம் திரும்பி வந்த அப்பா படி ஏறுவதற்குச் சுவரைப் பிடித்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுதால் அம்மா அவரிடம் சொல்லிவிடுவாள் என்று அழவும் இல்லை.

வியாழக்கிழமை ஸ்க்ரூடிரைவரோடு குடோனுக்குப் போனேன். வண்டியின் எல்லா இடத்துக்கும் தண்ணீர் போயிருக்காது என்று ஒரே ஒரு நம்பிக்கை. படுக்கைக்குப் பின்னால் சுவர்ப் பலகையை நானே கழற்றினேன். உள்ளே காய்ந்த பஞ்சு இருந்தது, விதைத் தோல் இருந்தது, ஒயர்க் கட்டு முழுக்க ஊசி முனை போலப் பல் தடம் இருந்தது. எதையும் தொடவில்லை. வெளிச்சம் விழும்படி கதவைத் திறந்துவைத்து, ஒவ்வொரு அடியாக, புழுக்கையோடு படம் எடுத்தேன். பெரியப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "டார்ச்சப் பிடிக்கவா ஆத்தா?" என்றார். பிடித்தார்.

நேற்று மறு ஆய்வு கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன். கருகிய பாகத்தைக் கேட்கவில்லை. எலி கடித்த ஒயர்களுக்கு மட்டும், சர்வேயர் மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கடைசிப் பத்தியில், கவனக்குறைவு உரிமையாளருடையது அல்ல, அவர் வேண்டாம் என்று தடுத்தார், ஸ்டார்ட் செய்யச் சொன்னது அவர் மகளாகிய நான் என்று எழுதினேன். அது கோரிக்கைக்கு உதவுமா, கெடுக்குமா என்று எனக்குத் தெரியாது.

இந்த முறை கையெழுத்துப் போட அப்பாவுக்கு விரல் வைத்துக் காட்டவில்லை. முதல் வரியிலிருந்து தமிழில் படித்துக் காட்டினேன், கம்பெனிக் கடிதத்தில் அன்று விட்ட வரியையும் சேர்த்து.

"இது எதுக்கு ஆத்தா? எழுதாம விட்டா என்ன?"

"எழுதியாச்சுப்பா."

அப்பா பேனாவை வாங்கித் தன் பெயரை மெதுவாக எழுதினார். அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். இன்று காலை கம்பம் தபால் நிலையத்தில் படங்களோடு சேர்த்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டேன்.