மணமகன் தேவை விளம்பரத்தில் மிஞ்சிய நான்கு சொற்கள்

பௌர்ணமி அன்று எங்கள் எழுத்து வகுப்பை ரத்து செய்திருக்கலாம். செய்யவில்லை. செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் மாடி அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். கிரிவலக் கூட்டம் சாலையை நிறைத்திருந்தது. போலீஸ் மைக் சத்தம் தாங்காமல் ஜன்னல்களை மூடிவிட்டோம். மின்விசிறி வெப்பக் காற்றைத்தான் சுற்றியது.

பயிற்சி எளிமையானது. அச்சான ஏதாவது ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வேண்டாத சொற்களை அடித்துவிட்டால் மிஞ்சுவது கவிதை. புதிதாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது, வரிசையையும் மாற்றக் கூடாது.

என் பக்கத்தில் இருந்தவர் ஸ்கேன் சென்டரில் வேலை செய்யும் பெண். முப்பதை நெருங்குபவர். அவர் கொண்டுவந்தது அவருக்காகவே அப்பா கொடுத்த விளம்பரம்:

'வேங்கிக்காலில் சொந்த வீடு, டிகிரி, மாநிறம், ஸ்கேன் சென்டரில் பணி, அமைதியான பெண்ணுக்கு அரசு வேலையில் மணமகன் தேவை. மணமானபின் வேலையை விடச் சம்மதம்.'

கடைசி வரியை அவர் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். அதைக் கறுப்பு மார்க்கரால் இரண்டு முறை அடித்தார். பிறகு மற்றவற்றையும். முடித்தபோது மிஞ்சியிருந்தவை: சொந்த, பணி, பெண்ணுக்கு, தேவை.

"சூப்பர்ங்க. குரூப்ல போடலாமா?" என்றார் வகுப்பு நடத்துபவர்.

"ஐயோ, வேணாங்க."

அந்தப் பெண் என்னிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "சார், நீங்க பேப்பர்ல வேலையில இருந்தீங்கல்ல. இதுக்குத் திருத்தம் போடுவாங்களா?"

"போடுவாங்க. விளம்பரம் குடுத்தவரு கையெழுத்து வேணும்."

"அப்பா கையெழுத்தா?"

"ஆமா."

"நல்லா இருக்கு சார் உங்க ரூல்ஸ். விளம்பரத்துல இருக்கிறது நானு, கையெழுத்து மட்டும் அவரா?"

அந்த விதியை நானே விளம்பரக் கவுண்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் தம்பி வியர்த்து வழிய மேலே வந்தார். "அக்கா, கிளம்பு. மாப்ள வூட்டுக்காரங்க பைபாஸ்ல மாட்டிக்கிட்டாங்களாம். அவங்க வர்றதுக்குள்ள நாம வூட்டுக்குப் போய்டணும். வண்டிய தள்ளிக்கினுதான் போவணும், கூட்டம் ஜாஸ்தி."

"வேலைய விடமாட்டேன்னு அவங்க கிட்டயே சொல்லிடப் போறேன்."

"அத அப்பா கிட்ட சொல்லு. எங்கிட்ட ஏன் சொல்ற?"

"விளம்பரத்த டைப் பண்ணது யாரு?"

"அவரு சொன்னாரு, அடிச்சேன். அதுக்குன்னு என்னையும் சேத்துப்பியா?"

அக்கா தாளைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி நின்றபடியே படித்தார். படிக்க நான்கு சொற்கள்தான். நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இத அங்க எடுக்காதக்கா. இன்னிக்கி வேணாம்."

"குடு."

"அவங்க போனப்புறம் தரேன்."

"இப்போ குடுடா."

தம்பி படியில் இறங்கத் தொடங்கினார். அக்கா நீட்டிய கையை மடக்காமலே பின்னால் இறங்கினார்.