தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு மூட்டைகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அரபு ஓதியதும் சில மாதம்தான். ஆனால் முப்பது வயதில் சொந்தத் தோணி! நாடு சுதந்திரம் அடைந்த புதிதில், எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் புத்தக அறையான கிதாபு அறையே என் தோணியை நம்பித்தான் இருந்தது. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் தேசம் தேசமாகப் போய்க் கொண்டுவந்த கையெழுத்துக் கிதாபுகள் அங்கே இருந்தன. மார்க்கம், வைத்தியம், நட்சத்திரம் எல்லாம் உண்டு. கொழும்பிலிருந்துகூட ஆள் வந்து, மாதக்கணக்கில் தங்கி நகல் எடுத்துப் போவார்கள்.

உதவாமல் போன ஏடுகளைக் குப்பையில் போடக் கூடாது. கல் கட்டி ஆழக்கடலில் இறக்க வேண்டும். கட்டு விட்ட கிதாபுகள் தொண்டி பைண்டருக்குப் போகும். இரண்டும் என் பொறுப்பு.

அன்று கிதாபு அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆலிம்சா இரண்டு மூட்டைகளோடு தோணிவரை வந்தார். "முன்னால இருக்கது கடலுக்கு, பின்னால இருக்கது பைண்டருக்கு. மாத்திறாத."

"எனக்கா சொல்றீங்க ஆலிம்சா? எழுத்தப் பாத்தே சொல்லிருவேன்."

கடலில் அலை உள்ளே தெறித்தது. ஏடு நனையக் கூடாதே என்று, எப்போதும் போல இரண்டையும் நடுவில் தார்ப்பாய்க்கு அடியில் போட்டேன். உப்பூருக்கு நேரே, எப்போதும் ஏடு இறக்கும் ஆழத்தில், தார்ப்பாயைத் தூக்கினால் இரண்டும் ஒரே மாதிரிச் சாக்கு, ஒரே மாதிரி முடிச்சு. ஏட்டைத் தொடும் முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு அவிழ்த்தேன். இரண்டிலும் பூச்சி அரித்த ஏடுகள். இரண்டிலும் அரபு.

சுக்கான் பிடித்த என் மச்சினன் சிரித்தான். "எழுத்தப் பாத்தே சொல்லிருவேன்னீங்களே மச்சான், சொல்லுங்க, நானும் கேட்டுக்கிறேன்."

"ஏலே, வாயை மூடிக்கிட்டுத் தோணியத் திருப்பு."

கரைக்குத் திரும்பி ஆலிம்சாவிடம், "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. அவர் ஒரு நொடியில் மூட்டைகளைப் பிரித்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன மாசமும் தார்ப்பாய்க்கு அடியிலதான் போட்டியா?"

"ஆமா."

"அப்ப எதைக் கடல்ல இறக்குன?"

கைக்கு வந்ததை இறக்கியிருந்தேன். அந்தத் தடவை பைண்டருக்கென்று ஆலிம்சா கொடுத்தனுப்பியது, ஊரில் வேறு பிரதியே இல்லாத வைத்தியக் கிதாபு.

தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்போதே தொண்டிக்குப் பாய் ஏற்றினேன். முறை வராததால் பைண்டர் கடையில் மூட்டை அவிழ்க்காமலே கிடந்தது. அவிழ்த்தோம். கடலுக்குப் போயிருக்க வேண்டிய வெறும் கிழிசல்.

மறுவாரமே தனுஷ்கோடியில் கப்பல் ஏறினேன். கொழும்பில் தெருத்தெருவாக அலைந்து, முன்பு அந்த வைத்தியக் கிதாபை நகல் எடுத்துப் போனவரைக் கண்டுபிடித்தேன். மறுநகல் எழுதி முடியும்வரை அவர் வாசலை விட்டு நகரவில்லை. 'நீர் உள்ளேயாவது உட்காரும்' என்று அலுத்துக்கொண்டார்.

இன்று கிதாபு அறையில் இருக்கும் வைத்தியக் கிதாபு நான் கொண்டுவந்தது. எவனிடமும் மார்தட்டிச் சொல்வேன். ஆனால் உப்பூரைத் தாண்டும்போது மட்டும் சுக்கானை மச்சினனிடம் கொடுத்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.