வெட்டப்போகும் மரத்துக்குக் கண்ணேறு

நிலம் எடுக்கும் ஆபீசில் கிராணி வேலை என்றால், உண்மையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பொய்யை மொழிபெயர்க்கும் வேலை. ஆபீசில் பேனா பிடித்துத் தலை நரைத்த சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தண்டத்துக்கு நிற்கும் மரம்

கிள்ளானில் துறைமுகத்துக்குப் போகும் சாலையை அகலமாக்க, ஓரத்துத் தோட்டங்களை அரசாங்கம் வாங்கியது. காய்க்கும் மரத்துக்கு நல்ல விலை, காய்க்காத மரத்துக்கு விறகு விலை. விலை போடும் வெள்ளைக்காரத் துரையும் அவருக்கு மொழிபெயர்க்க நானும் போனதோ பருவம் இல்லாத மாதம். மரத்தில் ஒரு பிஞ்சு கிடையாது. தோட்டத்துச் சொந்தக்காரர் ஊர் முன்னால் சொல்வதைத்தான் துரை எழுதிக்கொள்வார்.

முதல் தோட்டம் வண்டிக்கார மாரிமுத்துவுடையது. அவர் வீட்டு டுரியானையும் ரம்புத்தானையும் கிள்ளான் பாசாரில் நானே வாங்கித் தின்றிருக்கிறேன். எப்படிக் காய்க்கும் என்று கேட்டேன். மாரிமுத்து கூடி நின்ற சனத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“எங்கங்க காய்க்குது? தண்டத்துக்கு நிக்குதுங்க.”

காதோடு காதாக

ஞாயிற்றுக்கிழமை மாரிமுத்து என் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்தார். அவர் மனைவி செல்லம்மா பண்டமாரானில் ஒரு மனைக்கு வாக்குக் கொடுத்துவிட்டாளாம். விறகு விலை வந்தால் மனையும் இல்லை, இருந்த வீடும் இல்லை. பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தி, பருவத்தில் கிளை ஒடியக் காய்க்கும் என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! “இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்தால் என்ன?” என்றேன். ஊரே கேட்கச் சொன்னால் கண் பட்டு மரம் பட்டுப்போகுமாம். “ஐயா, அந்த மரத்தை வெட்டத்தானே போகிறோம்!” என்று கத்தினேன்.

“வெட்டிப் போறது வேற, கண்ணு பட்டுப் போறது வேறங்க.”

மறு விசாரணை

துரையிடம் கெஞ்சி மறு விசாரணைக்கு நாள் வாங்கினேன். ரகசியமாகச் சொன்னது செல்லாது, எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றார் துரை. செல்லம்மா புருஷனை இடித்து இடித்து முன்னால் தள்ளினாள். மாரிமுத்து வாயைத் திறந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த தோட்டத்துச் சின்னையா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

செல்லம்மா முந்தானையால் முகத்தை மூடி அழ ஆரம்பித்தாள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“முன்ன சொன்னதுதாங்க.”

அடுத்த வீட்டு ரம்புத்தான்

வருவது வரட்டும் என்று சின்னையா பக்கம் திரும்பினேன். அவர் தோட்டமும் சாலைக்குப் போகிறது. தன் மரமும் தண்டம் என்று ஊர் முன்னால் சொன்னவர்தான் அவரும். “மாரிமுத்து மரம் எப்படி?” என்றேன்.

மடை திறந்துவிட்டது! எந்தக் கிளை முதலில் பழுக்கும், எந்தச் சீனன் லோரியோடு வருவான், அவன் எத்தனை கூடை ஏற்றுவான், எல்லாம் அவருக்கு மனப்பாடம். விடுவாரா மாரிமுத்து? சின்னையா மரத்தின் வண்டவாளத்தை இவர் அவிழ்த்தார். ஊர் முன்னால் அக்கம்பக்கத்தார் சொல்லும் சாட்சியும் செல்லும் என்று எழுதிக்கொண்டே போன துரைக்குக் கை வலித்தது. இரண்டு பேருக்கும் நியாயமான விலை வந்தது. அன்று சாயங்காலம் இரண்டு வீட்டிலும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள்.

கிளம்பும்போது சின்னையா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவன் மரத்தப் பத்தி எப்ப வேணும்னாலும் கேளுங்க, கிராணி ஐயா. என் மரத்தப் பத்தி மட்டும் கேக்காதீங்க.”

பண்டமாரானில்

பிறகொரு நாள் பண்டமாரான் பக்கம் போனேன். புது மனை, புது வீடு, வாசலில் புது மாட்டு வண்டி. செல்லம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் காப்பி கொடுத்தாள். “இப்போது சௌகரியம்தானே?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மாரிமுத்து பக்கத்து வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“என்னமோ காலம் ஓடுதுங்க.”

இவர்களைத் திருத்த முடியாது என்று திட்டிக்கொண்டே நான் வீடு திரும்பியபோது எதிர் வீட்டுக்காரர் “சம்பளம் கூட்டிட்டாங்களாமே?” என்று கேட்க, என் வாயிலிருந்து தானாக வந்த பதில், “எங்கங்க, தண்டத்துக்கு உழைக்கிறேன்!”