காது மூடி வாங்கிய வாரம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மார்கழி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில், மடுல்சீமைப் பக்கம் இருக்கும் எங்கள் மரக்கறித் தோட்டத்தில் நடந்தது இது. இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்கிறவர்கள் "ஐயையோ" என்று நெஞ்சில் கை வைக்கிறார்கள். எனக்கு அப்படியெல்லாம் வருவதில்லை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

நான் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தவள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. இருபது பிள்ளை ஒன்றாக அழும்போது அதற்கு மேல் சத்தம் போட்டுப் போட்டு என் குரல் கீச்சென்று ஆகிவிட்டது. இந்த மலையில் கத்தினால் அந்த மலையில் கேட்கும் என்று கேலி செய்வார்கள். என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலையை விட்டபின், தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கம்பில் படர்கிற போஞ்சியும் உருளைக்கிழங்கும் போட்டார். கிழங்கு விளைந்தால் மனுஷருக்கு முன்னால் காட்டுப் பன்றிக்குத் தெரிந்துவிடும். ஒரு ராத்திரி வந்தால் போதும், மண்வெட்டி போட்ட மாதிரி பாத்தியைப் புரட்டிவிட்டுப் போய்விடும். அலைந்து திரிந்து அனுமதி எடுத்து, பன்றியைச் சுட அவர் ஒரு துவக்கு வாங்கினார். அதற்குப் பிறகு பொழுது சாயும் நேரமெல்லாம் அவருக்குக் காவல் கொட்டில்தான்.

அங்கே எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பின்னேரமானால் மூட்டம் இறங்கி, நாலடிக்கு அப்பால் நிற்பது ஆளா மரமா என்று தெரியாது. அதனால் துவக்கு இருக்கும் தோட்டத்துக்குள் கால் வைக்கிற யாரும் வரப்பில் நின்று "ஹோ" என்று சத்தம் கொடுக்க வேண்டும். காவலில் இருப்பவர் பதிலுக்கு "ஹோய்" என்பார். பதில் வந்தால் நின்று, "வா" என்ற பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும். பதில் வராவிட்டால் அங்கே ஆள் இல்லை, தாராளமாகப் போகலாம். யார் வைத்த சட்டமோ தெரியாது. விறகு பொறுக்கப் போகிற சின்னப் பிள்ளைக்குக்கூட இது பாடம். அதுவரை யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

துவக்கு வந்து சில வருஷத்தில் அவருக்குக் காதில் இரைச்சல் தொடங்கியது. காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்பார். துவக்கால் வெடி வைத்த அன்றைக்கு அது இன்னும் கூடும். காதில் பஞ்சை வைத்துக்கொள்வார், தேங்காயெண்ணெயில் தோய்த்து. அதுவே பெரிய பாதுகாப்பு என்று நினைப்பு. வீட்டில் டிவியின் சத்தம் நாங்கள் இருக்கும் லயத்து வரிசையின் கடைசிக் காம்பரா வரைக்கும் போனது. நான் ஒன்றைச் சொன்னால் பதில் இருக்காது. வாசலில் நின்று பக்கத்துத் தோட்டக்காரர் பேசினால் உடனே எழுந்து போவார். "ஊர் பேசினா கேக்குது, பொண்டாட்டி பேசினாத்தான் காது அடைச்சுக்குது" என்று நானும் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். எல்லா வீட்டிலும் இருக்கிற கதைதானே என்று விட்டுவிட்டோம்.

கடைசியில் நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன். பஸார் வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடை. கல் உடைக்கிறவர்கள், கிரைண்டர் பிடிக்கிறவர்கள் காதில் மாட்டும் சாமான் அங்கே கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒன்று, செம்மஞ்சள் நிறத்தில் பஞ்சு மாதிரி. விரலில் உருட்டி மெலிதாக்கிக் காதுக்குள் விட்டால் உள்ளே போய் உப்பி அடைத்துக்கொள்ளும். இன்னொன்று ரப்பரில், அடுக்கடுக்காகக் குடை விரித்த மாதிரி, கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். மூன்றாவது, தலைக்கு மேலால் வளைந்து வந்து இரண்டு காதையும் கிண்ணம் போல மூடும் பெரிய சாமான். தொழிற்சாலையில் மெஷின் பக்கம் நிற்கிறவர்கள் போடுவார்களே, அதே ஜாதி.

துவக்குச் சத்தத்துக்கு எது நல்லது என்று கேட்டேன். துவக்குக்காக யாரும் தன்னிடம் வந்து கேட்டதில்லை என்று நானா உண்மையைச் சொன்னார். பிறகு பெரியதைத் தட்டிக் காட்டினார். "இதப் போட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் ஒண்டும் கேக்காது தங்கச்சி."

எதுவும் கேட்காததுதானே நமக்கு வேண்டும் என்று அதையே வாங்கினோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். லுணுகலை தாண்டும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இடி விழுந்தாலே கேட்காது என்றால் யாராவது "ஹோ" என்றால் எப்படிக் கேட்கும்? அதைச் சொன்னதும் அவர் யோசித்தார். சுடப்போகிற நேரத்தில் மட்டும் மாட்டுவது, மற்ற நேரம் கழற்றி வைப்பது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டோம். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு திருப்தி.

அதே வாரத்தில் ஒரு பின்னேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் நாய் காலில் முள் குத்தி அடுப்படியில் சுருண்டு கிடந்தது. மற்ற நாளெல்லாம் அது அவருடன் போய்க் கொட்டிலில் படுத்திருக்கும். அன்றைக்கு அவர் தனியே போய்விட்டார். நான் வழக்கம் போல ஃபிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, ரொட்டியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன். வரப்பை அடையும்போது மூட்டம் நன்றாக இறங்கியிருந்தது. போஞ்சிக் கம்புகளின் முதல் வரிசை மட்டும்தான் தெரிந்தது.

நின்று "ஹோ" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தரம், என் முழுக் குரலில் கூப்பிட்டேன். அப்போதும் இல்லை. சரி, மனுஷன் பக்கத்துத் தோட்டத்துக்குப் பேசப் போயிருப்பார், தேத்தண்ணியைக் கொட்டிலில் வைத்துவிட்டு வருவோம் என்று போஞ்சி வரிசைக்குள் இறங்கினேன். இலையெல்லாம் ஈரம். கம்புகளைத் தோளால் உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

பாதி தூரத்தில் கணுக்காலில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. அட்டை. மழைக்காலத்தில் அது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு அட்டை ஏறினால் அதைப் பிடுங்கி எறியாமல் அடுத்த எட்டு வைக்க என்னால் முடியாது, சின்ன வயதிலிருந்து அப்படி. ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தேன்.

வெடித்தது. தலைக்கு மேலே எதுவோ விசிறியடித்துக்கொண்டு போனது. போஞ்சிக் கம்புகள் முறிந்து, இலையும் காயும் என் முதுகில் கொட்டின. நிமிர்ந்து நின்றிருந்தால் அந்த உயரத்தில் என் நெஞ்சு இருந்திருக்கும். இதை நான் அன்றைக்கு நினைக்கவில்லை. அடுத்த நாள் அவர் அந்த முறிந்த கம்புகளுக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தார், அப்போதுதான் தெரிந்தது.

பன்றி விழுந்ததா என்று பார்க்க இறங்கியவர், கம்புகளுக்குள் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். துவக்கைப் போட்டுவிட்டு, வழுக்கி விழுந்து எழுந்து வந்தார். நான் கத்திய கத்தலைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டக்காரரும் வேலியைத் தாண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சேற்றில் உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். அந்தச் சனியன் பிடித்த சாமானைக் காதில் மாட்டிக்கொண்டுதான் என் சத்தம் கேட்காமல் இருந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அதைப் பிய்த்து எறிய அவர் தலைக்குக் கையை நீட்டினேன்.

கையில் ஒன்றும் அகப்படவில்லை. ஈரமான தலைமயிரும் அவருடைய காதும்தான் இருந்தன.

எங்கே அது என்று கேட்டேன். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். "கொட்டில்ல கெடக்கு. அதப் போட்டா நீ வர்றது கேக்காதேன்னுதான் கழட்டி வச்சேன்" என்றார்.

பக்கத்துத் தோட்டக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அக்கா ரெண்டு தரம் சத்தம் குடுத்தாங்களே அண்ணே. எனக்கு அங்க வரைக்கும் கேட்டுச்சே."

என் வீட்டுக்காரர் என்னிடம் திரும்பி, மெதுவாக, "நீ கூப்டியா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் எழவில்லை. நானும் அந்தத் தோட்டக்காரரும்தான் அவரைத் தூக்கி நிறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தோம். சுடப்பட இருந்தவள் நான், கைத்தாங்கலாக வந்தவர் அவர். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்தபின் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மூட்டத்துக்குள் கம்புகள் ஆடியதைப் பார்த்து, பன்றிதான் என்று அந்த ஆட்டத்தைக் குறி வைத்துச் சுட்டிருக்கிறார். கொட்டிலில் இருக்கும்போது ஆள் வருவதை அவர் காதால் அறியவில்லை, நாயைப் பார்த்துத்தான் அறிந்திருக்கிறார். நாய் தலையைத் தூக்கி வரப்புப் பக்கம் பார்த்தால் "ஹோய்" என்பார். எத்தனை நாளாக அப்படி என்று கேட்டதற்கு, யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார். வேண்டுமென்று மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாயைப் பார்ப்பது அவருக்கே தெரியாமல் பழகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் அறையில் ஒரு பெண் இருந்தார். தலையில் ஹெட்ஃபோன் மாட்டி, கீச்சுச் சத்தம், கட்டைச் சத்தம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நிறைய நேரம் என் வீட்டுக்காரரின் கை மடியிலேயே கிடந்தது. சோதனை இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன். அது தொடங்கிப் பாதி முடிந்திருந்தது.

அந்தப் பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வெடிச் சத்தம் காதுக்குள் முதலில் கொல்வது மெல்லிய, கீச்சென்ற சத்தங்களைக் கேட்கும் பகுதியைத்தானாம். ஆண்களின் கட்டைக் குரல் கடைசி வரை கேட்டுக்கொண்டிருக்கும். பெண்கள், குழந்தைகள் குரல்தான் முதலில் போகும். வலது தோளில் துவக்கை வைத்துச் சுடுகிறவருக்கு இடது காது இன்னும் மோசமாக இருக்கும். போனது போனதுதான், மருந்தில்லை. எண்ணெய்ப் பஞ்சு வெடிச் சத்தத்துக்கு ஒன்றுமே இல்லை. துவக்குக்கு அந்த உருட்டி வைக்கிற பஞ்சையும் போட்டு, அதற்கு மேல் பெரியதையும் போடுவதுதான் நல்லது. காவல் இருக்கிறவர்களுக்கென்றே, மனுஷர் பேச்சை உள்ளே விட்டு வெடிச் சத்தத்தை மட்டும் தடுக்கிற மின்சார வகையும் இருக்கிறது, விலைதான் கூட என்றார். அதையெல்லாம் முதல் தோட்டா வெடிப்பதற்கு முன்னால் வாங்கியிருக்க வேண்டும். இனி எதைப் போட்டாலும் மிச்சத்தைக் காப்பாற்றத்தான் என்று சொல்லி முடித்தார்.

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு துவக்கால் சுடவில்லை. அனுமதிப் பத்திரத்தோடு கொண்டுபோய்ப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு வந்தார். போகவேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அந்தப் போகம் கிழங்கில் பாதி பன்றிக்குப் போனது. இப்போது பழைய சேலைகளை வேலியாகச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். பன்றி சேலைக்குப் பயப்படுகிறதா, அல்லது நாங்கள் பாவம் என்று விட்டுவிடுகிறதா தெரியாது, முன்னை விட வருவது குறைவு. காதுக்கு ஒரு மெஷின் மாட்டியிருக்கிறார். மழைக்கு அதைக் கழற்றி வைப்பார், வெயிலுக்குச் சொறிகிறது என்று கழற்றி வைப்பார். சண்டை பிடித்துத்தான் மாட்ட வைக்க வேண்டியிருக்கிறது.

பெரிய காது மூடியை யாருக்கும் விற்கவில்லை, கொடுக்கவும் இல்லை. புதிதாகத் துவக்கு எடுக்கிற பையன்கள் வந்தால் நான் கதையைச் சொல்லி, முதலில் காதுக்கு வாங்கு, பிறகு துவக்குக்கு வாங்கு என்பேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் அக்காவுக்கு வேறு வேலையில்லை என்று போகிறார்கள். அது அவர்கள் பாடு.

சாவுக்குப் பக்கத்தில் போய் வந்ததைப் பற்றி நான் அதிகம் நினைப்பதில்லை. ஒரு அட்டை காப்பாற்றியது, அவ்வளவுதான். ஆனால் கண் தெரியாமல் போனால் இருட்டாவது தெரியும், காது போனால் போனதே தெரியாது. இத்தனை வருஷம் நான் கூப்பிட்டு அவர் திரும்பாத ஒவ்வொரு தரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேனே, அதில் எந்த நாளிலிருந்து என் குரல் அவருக்கு இல்லாமல் போனது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத்தான் என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.