பெயர் எழுதாத விண்ணப்பம்

மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நோயாளிகளின் கோப்புகள் கூரைவரை அடுக்கியிருக்கும் அந்த அறைக்கு ஒரே ஒரு வாசல். அதன் குறுக்கே என் மேசை. மேசையைத் தாண்டி ஒரு கோப்பு வெளியே போக நோயாளியின் கையெழுத்து வேண்டும். அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கும் என்று நம்பி வந்தவர்கள் ஏராளம். வக்கீல் குமாஸ்தாக்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், மருமகளுக்கு ஏன் பிள்ளை இல்லை என்று தெரிந்துகொள்ள வந்த மாமியார்கள் எல்லாரும் அந்த மேசையின் முன்னால் நின்றிருக்கிறார்கள். நின்றபடியே திரும்பியும் போயிருக்கிறார்கள்.

ஒரு நாள் குழித்துறைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். சலவை வேட்டி, கையில் ஒரு குலை மட்டி வாழைப்பழம்.

"சாரே, ஒரு கல்யாணக் காரியம். பெண்ணு இங்க ரெண்டு தடவ கிடந்திருக்கு. எதுக்குன்னு நான் கேக்கல்ல. பயப்படுகதுக்கு உண்டா, இல்லியா? நீங்க வாய் திறக்காண்டாம். தலைய ஆட்டினா போதும்."

"தலையை ஆட்டுவதற்கும் அந்தப் பெண்ணின் கையெழுத்து வேண்டும்" என்றேன்.

"அவகிட்ட கேக்க முடியாமத்தானே சாரே உங்ககிட்ட வந்தேன்?"

"அதுக்காகத்தான் என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க."

மட்டிக்குலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல பழம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 2004-ல் பதிவறைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், இளம் டாக்டர் ஒருவர் மாநாட்டில் படிக்க ஒரு கட்டுரை தயாரித்திருந்தார். நோயாளியின் பெயரை நீக்கிவிட்டதால் அவருடைய அனுமதி தேவையில்லை என்பது டாக்டரின் கட்சி. வாங்கிப் படித்தேன். நாற்பத்திரண்டு வயது, கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுபவர், இரட்டைப் பெண்பிள்ளைகளின் தாய்.

"டாக்டர், இந்தத் தாளைக் கீரிப்பாறை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், உங்களை அந்த அம்மாவின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு விசிலும் அடிப்பார்" என்றேன். ஓர் ஆளுடைய அடையாளங்களில் பெயர்தான் ஆகச் சிறியது என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு எஸ்டேட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வந்தார்.

இவ்வளவும் அறிந்தவனாகத்தான் 2006-ல் ஓய்வு பெற்றேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. அவள் ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என்னுடைய பழைய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போகவில்லை. அங்கே அத்தனை பேருக்கும் எங்கள்மேல் பிரியம். பிரியத்தினாலேயே ஆளுக்கொரு முறை கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். ஆகவே திருவனந்தபுரம் போனோம். சோதனை முடிவு வந்த அன்று டாக்டர் கதவைத் திறந்து, "சார் மட்டும் ஒண்ணு உள்ள வரணும்" என்றார். நோயாளி வராந்தா பெஞ்சில் இருந்தாள். நான் எழுந்து போனேன். முறைப்படி நான் சொல்லியிருக்க வேண்டியது, "நோயாளி அவள்தான், அவளைக் கூப்பிடுங்கள்" என்பது. சொல்லவில்லை. கணவன் என்கிற உத்தியோகத்துக்கு எந்த விதிமுறைப் புத்தகமும் கிடையாது என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

புற்றுநோய்தான். ஆரம்பக் கட்டம். அடுத்த வாரம் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை, ஆறு வாரம் கழித்து மற்ற சிகிச்சைகள். வெளியே வந்து அவளிடம் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொன்னதால் இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று.

பஸ் களியக்காவிளை தாண்டியபோது அவள் ஒரே ஒரு காரியம் கேட்டாள். எங்கள் மகள் மஸ்கட்டில் இருந்தாள், எட்டு மாத கர்ப்பிணி. முந்தின ஆண்டு ஒரு பிள்ளை கையில் வராமலே போயிருந்தது.

"அவகிட்ட நான்தான் சொல்லுவேன். பிள்ள பெத்து எழுந்த பிறவு, என் வாயால. அதுவர ஒரு மனுஷனுக்குத் தெரியக்கூடாது. கேட்டீங்களா?"

கேட்டேன். அனுமதியின் எல்லை இதைவிடத் தெளிவாகச் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கோவில் வாசலில் ஒரு மரப்பெட்டி. ஜெபம் வேண்டுகிறவர்கள் சீட்டு எழுதிப் போடுவார்கள்; ஞாயிறு ஆராதனையில் போதகர் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். விசா, பரீட்சை, எலும்பு முறிவு, குடலிறக்கம் எல்லாம் அதில் வரும். இடது சிறுநீரகம் என்று குறிப்பிட்டே எழுதுவார்கள். சொல்லாவிட்டால் ஆண்டவர் வலதைக் குணமாக்கிவிடுவார் என்று பயமோ என்னவோ. பதிவறையில் நான் முப்பத்தொரு ஆண்டுகள் பூட்டிக் காத்ததையெல்லாம் இந்தப் பெட்டி வாரந்தோறும் இருநூறு பேருக்கு வாசித்துக் காட்டியது. இதைப் பற்றி இரண்டு போதகர்களிடம் பேசியிருக்கிறேன். இரண்டு பேரும் எனக்காக ஜெபித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் அந்தப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டேன்.

பயந்திருந்தேன். வேறு விளக்கம் இல்லை. மனைவியிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாள். என் மேசை முன்னால் வந்து நின்ற அத்தனை பேருக்கும் காரணம் இதுதான். ஆனால் நான் அனுபவசாலி அல்லவா? பெயர் எழுதவில்லை. "நம் சபையைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்கு, வரும் வியாழக்கிழமை நடைபெறவிருக்கும் மார்பகக் கட்டி அறுவை சிகிச்சைக்காக" என்று அழகாக எழுதினேன்.

போதகர் வாசித்து முடித்ததும், பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. சபையில் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் மொத்தம் நான்கு பேர். ஒருவர் எண்பது தாண்டிப் படுக்கையில் இருந்தார். ஒருவர் மகனோடு பெங்களூரில். மீதி இரண்டு பேர்: என் மனைவியும், பெரிய டீச்சர் என்று ஊரே அழைக்கும் தலைமையாசிரியையும். கீரிப்பாறை கண்டக்டருக்கு ஒரு வீடுதான். எங்கள் சபைக்கு இரண்டு வீடு. அதுதான் வித்தியாசம்.

என் மனைவி பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்:

"நாலு பேருல ஒருத்தின்னு எழுதிப்போட்டுட்டு, பேரு எழுதல்லன்னு சமாதானம் வேறயா?"

"நான்தான்னு எப்படி…"

"நம்ம சபையில வேற யாரு 'நடைபெறவிருக்கும்'னு எழுதுவா? மஸ்கட்டுல நம்ம சபைக்காரங்க எத்தன பேரு உண்டு, தெரியுமா? பதினோரு குடும்பம். ஞாயித்துக்கிழம மத்தியானம் ஊருக்குப் போன் பண்ணாத ஒரு குடும்பம் சொல்லுங்க பாப்போம்."

அன்று மாலைவரை எங்கள் டெலிபோன் அடிக்குமோ என்று இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடிக்கவில்லை. ஏன் என்பது திங்கள்கிழமை காலை தெரிந்தது. பெரிய டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர், தனியாக இருப்பவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

"சாரே, எனக்கு என்ன தீனம், என்ன நோயி?"

"டீச்சர்…"

"நேத்து சாயங்காலத்துக்குள்ள ஒம்பது பேரு வீட்டுக்கு வந்தாச்சு. பதினாலு ஆப்பிளு. ஒருத்தி என் கையப் பிடிச்சு அழுதா, அவ மாமியா செத்தப்பகூட அப்படி அழல்ல. இந்த மாசம் நான் ரெண்டு தடவ திருவனந்தபுரம் போனதையும் கணக்குல சேத்து, எனக்குத்தான்னு சபையே தீர்மானிச்சாச்சு. சீட்டு எழுதினது நீருதானே?"

"நான்தான்."

"யாருக்கு?"

என் மனைவி அடுக்களையில் இருந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, டீச்சர்."

"எழுதுகதுக்கு மட்டும் அனுமதி இருந்ததா?"

முப்பத்தொரு ஆண்டுகளில் என் மேசைக்கு முன்னால் நின்ற எவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நல்லவேளை.

என் மனைவி தேயிலையோடு வந்தாள். டம்ளரைப் பெரிய டீச்சரின் கையில் கொடுத்துவிட்டு, "எனக்குத்தான் டீச்சர்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, மகளைப் பற்றியும், தான் கேட்டுக்கொண்டதைப் பற்றியும், தானே எல்லாம் சொன்னாள். "நீங்க உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிடுங்க டீச்சர். உங்க தலையில இது எதுக்கு? நான் சமாளிச்சுக்கிடுவேன்."

"நான் இல்லன்னு சொன்னா அடுத்த நிமிஷம் உன் வீட்டு வாசல்ல ஆப்பிளு வந்து நிக்கும். அரமணிக்கூறுல மஸ்கட்டு." பெரிய டீச்சர் தேயிலையை நிதானமாகக் குடித்து முடித்தார். "நான் உண்டுன்னும் சொல்லமாட்டேன், இல்லன்னும் சொல்லமாட்டேன். என் உடம்பப் பத்திக் கேக்குகவளுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்? அது பொய்யில்ல. வாய மூடிட்டு இருக்கது. இந்த சாருக்குத்தான் அது தெரியல்ல."

திருவனந்தபுரத்துக்குத் தான் எதற்குப் போனார் என்பதையும் அன்று எங்களிடம் சொன்னார். இதை எழுதுவதற்கு முன்னால் அவரிடமும் என் மனைவியிடமும் போய்க் கேட்டேன். மற்ற எல்லாவற்றையும் எழுதலாம், அதை எழுதாண்டாம் என்றார் டீச்சர். எழுதவில்லை.

வியாழக்கிழமை என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பைஸ்டாண்டராக, அதாவது கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள, பெரிய டீச்சரே வந்தார். இரண்டு பேரும் ஊரில் இல்லை. சபை அதற்கும் ஒரு கதை கண்டுபிடித்தது: பெரிய டீச்சருக்கு ஆபரேஷன், பைஸ்டாண்டராகப் போயிருப்பது என் மனைவி. இடையில் ஊருக்கு வந்துபோனபோது மருந்துக்கடையில் ஒருவர் என்னை நிறுத்தி, "ஒங்க வீட்டம்மைக்கு என்ன ஒரு மனசு சாரே! கூடப் பிறந்தவகூட இப்படிப் பாக்கமாட்டா" என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் டாக்டர் வழக்கம்போல் என்னை வெளியே வரச்சொல்லிக் கையசைத்தார். பெரிய டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே, "டாக்டரே, ஆபரேஷன் பண்ணினது அங்க கட்டில்ல கிடக்கவளுக்கு. முழிச்சுத்தான் இருக்கா. அவகிட்ட பறயுங்க" என்றார். டாக்டர் கட்டிலருகே வந்தார். என் மனைவி நான்கு கேள்விகள் கேட்டாள். அவற்றில் மூன்று எனக்குத் தோன்றியே இருக்காது.

ஊர் திரும்பிய பிறகு பெரிய டீச்சரின் வீட்டுக்குக் கூட்டம் குறையவில்லை. கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள் ஊரில் இன்றும் உலவுகின்றன. "எந்தப் பக்கம் டீச்சரே?" என்று கேட்ட ஒருத்திக்கு, "ஏட்டி, எந்தப் பக்கமா இருந்தா உனக்கென்ன? நீ பக்கம் பாத்துத்தான் ஜெபிப்பியா?" என்றார். வந்த ஆப்பிளில் பாதி, பைக்குள் மறைந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. உரியவளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய நியாயம்.

ஐந்தாவது வாரம் மஸ்கட்டில் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். என் மனைவி அப்போதும் அவசரப்படவில்லை. இன்னும் எட்டு நாள் பொறுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அங்கே மருமகனுக்கு விடுமுறை, பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும் என்று கணக்குப் போட்டு, டெலிபோன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. கதவச் சாத்திட்டுப் போங்க."

சாத்திவிட்டு முன்வாசலில் நின்றேன். முதலில் அவளுடைய குரல் மட்டும், வகுப்பில் பாடம் நடத்துவதைப்போல நிதானமாக. பிறகு ஒரு சிரிப்பு. பேச்சில் பெரிய டீச்சரின் கதை வந்திருக்க வேண்டும். முக்கால் மணிநேரம் கழித்துக் கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. நேரே அடுக்களைக்குப் போய் அரிசியைக் களையத் தொடங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் நன்றி சொல்லும் ஸ்தோத்திரச் சீட்டு ஒன்று இருந்தது. என்ன நோய், எந்த நாள் ஆபரேஷன், இனி என்ன சிகிச்சை என்று ஒளிவில்லாமல் எழுதி, கீழே என் மனைவி தன் முழுப்பெயரைப் போட்டிருந்தாள். போதகர் அதை வாசித்தபோது சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது, என் மனைவியை அல்ல, பெரிய டீச்சரை. அவர் அடுத்த பாட்டின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மகளுக்கு நான் போன் செய்தேன். சாப்பிட்டாளா, பிள்ளை தூங்குகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கிழம அம்ம என்ன மக்கா சொன்னா? நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"அத அம்மகிட்ட கேளுங்கப்பா."

கேட்டேன். என் மனைவி மீன் கழுவிய கையை உதறிவிட்டு, "அவ சொன்னத நான் எப்படிச் சொல்ல முடியும்? அவகிட்ட கேளுங்க" என்றாள்.

இரண்டு பேரின் கையெழுத்தும் இல்லாமல் அதற்கு மேல் கேட்க வழியில்லை என்பது எனக்குத் தெரியும். பத்து ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை கேட்கவில்லை.