இரண்டு ஆபீஸும் சரியாகச் செய்த வேலை

என் கதையைச் சொல்லச் சொல்லி வருடத்துக்கு ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடுவார்கள். மயிலாப்பூரில் ஒரு சர்ச் பள்ளிக்கூடம். சனிக்கிழமை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு பத்துப் பதினைந்து பேர் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள், குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ்காரர்கள், டீச்சர்கள், போலீஸில் இருந்து ஒரு அம்மா. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நிற்கிறேன். சேலையை விரித்துக் காட்டுவதுபோல இதையும் விரித்துக் காட்டுவேன், முடிந்ததும் மடித்துவிடுவேன். யாராவது மூக்கைச் சிந்துவார்கள். எனக்கு ஒன்றும் ஆகாது.

இங்கே எழுதும்போதாவது கொஞ்சம் கோபத்தோடு எழுதலாம் என்று பார்க்கிறேன். அங்கே கோபப்பட்டால் உடனே டீ கொடுத்துவிடுகிறார்கள்.

அம்மா கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். ராயப்பேட்டையில் ஒரு மாடியறை எங்கள் வீடு. அப்பா எப்போதோ கம்பி நீட்டிவிட்டார், அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு நான், எனக்கு அம்மா. சண்டை போட்டுக்கொண்டால்கூட சமாதானம் செய்துவைக்க மூன்றாவது ஆள் கிடையாது, நாங்களே செய்துகொள்வோம்.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. சூடு பிடித்திருக்கும் என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். பிறகு கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார ஆரம்பித்தாள். "வருவாங்க பாப்பா. உன்ன இட்டுக்கினு பூடுவாங்க" என்பாள். யாரும்மா என்று கேட்டால், "அதெல்லாம் கேக்காத, வருவாங்க." வேலைக்குப் போவதை நிறுத்தினாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதையும் நிறுத்தினாள். படுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பாள், காலையில் கை மரத்துப் போயிருக்கும். நான் எரிந்து விழுவேன். "உன் பொண்ண எவன் தூக்கிட்டுப் போகப் போறான், நான் என்ன ராணியா?" என்பேன். அவள் சிரிக்கமாட்டாள்.

நான் பள்ளிக்கு வராததைப் பார்த்து என் வகுப்பு டீச்சர் வீட்டுக்கு வந்தார். அம்மா கதவைத் திறக்கவில்லை. டீச்சர் படியில் உட்கார்ந்து, கதவுக்கு வெளியிலிருந்தே வெகுநேரம் பேசினார். மறுநாள் எங்கள் சர்ச்சைச் சேர்ந்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து, அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மனசுக்குப் பார்க்கிற வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். உடம்பு தேறும், கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு உதவி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நிறையவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று இடத்திலிருந்து பிரியாணி வரும். செவ்வாய்க்கிழமை ஒரு இடத்திலிருந்தும் ஒன்றும் வராது. ஆளுக்கு ஒரு ஸ்கூல் பை வேறு கொடுத்தார்கள், அதில் ஒன்றைக் கீழே இஸ்திரி போடுகிறவர் வெங்காயம் போட்டுவைக்க எடுத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் முதலிலிருந்து கேட்பார்கள். அப்பா எங்கே, அம்மாவுக்கு எப்போதிலிருந்து இப்படி, பயமாக இருக்கிறதா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் ஒருவரிடம் கேட்டேன், நேற்று வந்தவரிடம் எல்லாம் சொன்னேனே, நீங்கள் அவரைக் கேட்டுக்கொள்ளக்கூடாதா என்று. "அது வேற டிபார்ட்மென்ட்மா" என்றார். அவரும் நல்ல மனுஷிதான், கிளம்பும்போது என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து ஒரு மேடம் ஜீப்பில் வந்தார். வயசுப் பெண் தனியாக இருக்கிறாள் என்று யாரோ உதவி எண்ணுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். சொன்னது தப்பில்லை, நான் தனியாகத்தான் இருந்தேன். மாடிக்கு வந்து போகிறவர்களில் சிலர் சரியில்லை என்பதும் உண்மை. மேடம் என் துணிகளை அவரே மடித்து ஒரு பையில் வைத்தார்.

"அம்மா வர்ற வரைக்கும்தான்மா. அடையாறுல ஹோம் இருக்கு, அங்க உன்ன மாதிரி பொண்ணுங்க நிறைய பேர் இருக்காங்க."

"அம்மாகிட்ட சொல்லணும் மேடம்."

"நாங்க சொல்லிடறோம்."

அவர் பொய் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அவருடைய மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஆஸ்பத்திரி ஆபீஸுக்கு எழுத வேண்டும், ஆஸ்பத்திரி ஆபீஸ் வார்டுக்குச் சொல்ல வேண்டும். அப்படித்தான் முறை. அது திங்கட்கிழமை கிளம்பும்.

சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் அம்மாவை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா தேறியிருந்தாள். தூங்கினாள், சாப்பிட்டாள், பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டாள். அவர்களிடம் இருந்தது என் பள்ளிக்கூடத்து நம்பர். அடித்துப் பார்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை யார் எடுப்பார்கள்? அம்மாவே, "எம் பொண்ணு வீட்லதான் கீது, நானே போய்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். துணைக்கு வார்டு ஆயா ஒருவரைப் போட்டு ஆட்டோவில் அனுப்பினார்கள். தெருமுனையில் இறக்கிவிட்டு அந்த ஆயா திரும்பிவிட்டார்.

கிளம்பும்போது டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம்: "பாருங்கம்மா, யாரும் வரமாட்டாங்க. உங்க பொண்ண யாரும் கூட்டிட்டுப் போகமாட்டாங்க. தைரியமா போங்க." அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாளாம். வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்து, பேசிப் பேசி, அந்த ஒரு பயத்தைத்தான் அவர்கள் கரைத்து எடுத்திருந்தார்கள். நல்ல வைத்தியம்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

வீடு பூட்டியிருந்தது. மற்றதெல்லாம் கீழே இஸ்திரி போடுகிறவர் எனக்குச் சொன்னது.

"உங்கம்மா வந்து என்னாண்ட கேட்டுச்சும்மா, எம் பொண்ணு எங்கன்னு. நான் இன்னா பண்றது, உள்ளத சொன்னேன். நேத்து ஜீப்புல வந்து இட்டுக்கினு பூட்டாங்கன்னு சொன்னேன். அழுவலாம் இல்ல. போய் இட்டுக்கினு வரேன்னு சொல்ட்டு போச்சு."

"எந்தப் பக்கம்?"

"பெரிய ரோட்டு பக்கம்."

அவ்வளவுதான். அம்மாவைப் பற்றி நான் கடைசியாகக் கேள்விப்பட்டது அதுதான். இன்றுவரைக்கும் அதற்கு மேல் ஒரு வரி கூடவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வகுப்பு டீச்சர் ஹோமுக்கு வந்து, அம்மா வீட்டுக்கு வந்ததையும் போனதையும் எனக்குச் சொன்னார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உப்புமா. டீச்சர் சொல்லி முடித்ததும் தட்டில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி அடுக்கினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தப் பெண் அழுதுவிட்டால் தேவலை என்று அவருக்கு இருந்திருக்கும். எனக்கும்தான். வரவில்லை, அன்றிலிருந்து இப்படியேதான் இருக்கிறது.

போலீஸில் போய் நின்றோம். காணாமல் போனது ராயப்பேட்டையிலா, ஆஸ்பத்திரி இருக்கிற இடத்திலா, நான் இருக்கிற அடையாறிலா என்று அவர்களுக்குள் ஒரு பட்டிமன்றம் நடந்தது. நடந்து முடிந்து எழுதிக்கொண்டார்கள். டீச்சரும் நானும் எங்கெங்கோ தேடினோம். அம்மா பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்குப் போய் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம். ஞாயிறு முழுக்க அங்கே நின்றிருக்கிறேன். பீச்சுக்குப் போகிற கூட்டத்தில் அம்மா சேலை மாதிரி ஒரு சேலை தெரியும், ஓடிப் போய்ப் பார்த்தால் வேறு யாரோ திரும்பிப் பார்ப்பார்கள். காப்பகங்களிலிருந்து கூப்பிடுவார்கள், ஐம்பது வயது இருக்கும், பேர் சொல்லமாட்டேன் என்கிறார், வந்து பாரம்மா என்று. போவேன். பார்ப்பேன். எல்லோரும் வேறு யாருடைய அம்மாவாகவோ இருந்தார்கள். இப்போதும் கூப்பிட்டால் போகிறேன், கடையில் முதலாளி ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிடுவார்.

என்னை ஜீப்பில் கூட்டிப்போன மேடத்தையும் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பங்களைப் பார்த்துக்கொள்கிற மேடத்தையும் முதன்முதலில் ஒரே அறையில் உட்காரவைத்தது என் டீச்சர்தான். அவருடைய வகுப்பறையில், ஒரு சனிக்கிழமை. நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். இரண்டு பேரும் ஒரே ஊரில், பல வருடமாக வேலை செய்கிறவர்கள். அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

"டிஸ்சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"பொண்ண கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

இப்படியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அலுத்துவிட்டது. "ரெண்டு பேருமே உங்க வேலைய சரியாத்தான் மேடம் செஞ்சிருக்கீங்க" என்றேன். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரி மேடம் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. அழ வேண்டியவள் நான், அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமையோடு அது நிற்கவில்லை. அடுத்த மாதமும் கூடினார்கள், போலீஸிலிருந்து ஒருவர் சேர்ந்தார், சர்ச்காரர்கள் சேர்ந்தார்கள். அங்கே முடிவு செய்ததெல்லாம் பெரிய விஷயம் இல்லை. ஒரு தாயை வார்டில் சேர்த்தால், வீட்டில் பிள்ளை இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், அதன் அம்மா எங்கே என்று கேட்டு அன்றைக்கே அவளுக்குச் சொல்ல வேண்டும். கடிதம் பிறகு போகட்டும், முதலில் போன். பிள்ளையிடம் ஒருவர் கேட்டால் போதும், அது சம்மதித்தால் மற்றவர்கள் அவரிடம் தெரிந்துகொள்ளலாம். பிரியாணிகூட இப்போது கிழமை பார்த்து வருகிறதாம். இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு எங்கள் அம்மா தேவைப்பட்டாள்.

நல்ல காரியம்தான். நான் எங்கே இல்லையென்று சொன்னேன்?

போன மழையில் ஆஸ்பத்திரி மேடம் போன் செய்தார். அவருக்கு இப்போது முடியெல்லாம் வெளுத்துவிட்டது. ஒரு பெண்ணை டிஸ்சார்ஜ் செய்கிறோம், கூட வருகிறவருக்குக் காய்ச்சல், நீ ஆட்டோவில் எங்களோடு வருகிறாயா என்று கேட்டார். ஏன் என்னைக் கேட்டார் என்று தெரியவில்லை. நானும் ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பத்தாவது படிக்கிற ஒரு மகள். மகளை எங்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் பேசி, அத்தை ஒருத்தியை வீட்டில் வந்து தங்கவைத்திருந்தார்கள். எல்லோரும் எல்லோருக்கும் போன் செய்திருந்தார்கள். ஆட்டோவில் அந்த அம்மா எனக்கும் மேடத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். "எம் பொண்ணு வீட்ல இருக்கும்ல?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டார். நான் போனைப் போட்டு அவர் காதில் வைத்தேன். "எங்க வந்துகினு கீற, அம்மா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவெல்லாம் இல்லை. "இவ்ளோ நேரமா? சோறு ஆறிப் போச்சு" என்று அம்மாவை வைதாள். வைதுகொண்டே துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். மழையில் லேசாகத்தான் நனைந்திருந்தது, அதற்கு அவ்வளவு அழுத்தித் துவட்ட வேண்டியதில்லை. அவர் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றார். மேடம் என் காதருகில், "உன்னாலதாம்மா" என்றார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பெண்மேல்தான், பத்தாவது படிக்கிற பெண்மேல். இத்தனை வருடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அன்றைக்குத்தான், அதுவும் இந்த லட்சணத்தில் இருந்தது. அவள் கையிலிருந்து அந்தத் துண்டைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா தலையை நிமிர்த்தி, "காபி குடிச்சிட்டுப் போம்மா" என்றார்.

"வேணாங்க, இன்னொரு நாள்."

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். "அதுவும் சரிதான், இருட்டிக்கினு வருது. கெளம்பும்மா. வீட்ல உங்கம்மா உன்னத் தேடிக்கினு இருக்கும்."

மேடம் சட்டென்று என் பக்கம் திரும்பினார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாங்க," என்றேன், "தேடிட்டுத்தான் இருக்கும்."

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.