ஒட்டுப்பால் முடிச்சு

காலை ஐந்து மணிக்கு அமல்ராஜ் விளக்கைப் போட்டால் சரோன் கண்ணைத் திறக்காமலே வந்து பலகையில் உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்தபடி தூங்குவதற்கு அந்தப் பத்து வயதுப் பிள்ளை பழகியிருந்தாள். தலை முன்னால் சாயும்போதெல்லாம் அவன் பின்னலை மெல்ல இழுத்து நிமிர்த்துவான். ஆறு மணிக்கு அவன் ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் நிற்க வேண்டும். அதற்குள் இரட்டைப் பின்னல், ரிப்பன், சோறு, சீருடை எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

அவன் மனைவி ஹில்டா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம். எட்டியாந்தோட்டையில் பஸ் ஏறுமுன் அவள் அழவில்லை. "பிள்ளைய பாக்க ஏலாம போச்சுன்னா மறைக்காம சொல்லுங்க. வத்தளையில அக்கா கான்வென்ட் போர்டிங் ஒண்ணு விசாரிச்சு வச்சிருக்கா. அங்க விட்டுருவோம்" என்றாள். பிறகு மகளின் தலையைத் தடவி, "முடியில மட்டும் யாரையும் கை வைக்க விட்டுறாதீங்க" என்றாள்.

அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. யோசித்து வைத்த ஏற்பாடாகச் சொன்னாள். அதனால்தான் அவனுக்குப் பயம். மிரட்டலை ஒரு சண்டையோடு முடித்துவிடலாம். ஏற்பாடு அப்படியல்ல, அது பாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹில்டா வீடியோவில் கூப்பிடுவாள். முதலில் மகளைப் பார்த்து, "திரும்பு, பாப்போம்" என்பாள். சரோன் திரும்பி இரண்டு பின்னலையும் காட்டுவாள். "ம், சரி" என்று ஹில்டா சொல்வாள். அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு அமல்ராஜ் அடுத்த ஞாயிறு வரை ஓட்டுவான்.

டிசம்பரில்தான் தப்பு நடந்தது. கிறிஸ்மஸுக்கு முன்னால், முடி நுனி வெடித்திருக்கிறது என்று மகளை டவுனில் நபீலாவின் சலூனுக்குக் கூட்டிப்போனான். சரோன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். படிப்படியாக இறங்கும் லேயர் கட். "அப்பா, இப்படி வெட்டிக்கவா?" அம்மா போன நாளிலிருந்து அவள் எதையும் கேட்டதில்லை. அவன் சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்று சம்மதித்தான். ஹில்டா சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது முழு உண்மையல்ல. நினைவுக்கு வந்தது. மகளின் முகத்துக்கு முன்னால் அது சின்னதாகத் தெரிந்தது.

விரித்துவிட்டால் அழகாகத்தான் இருந்தது. பின்னியபோதுதான் வினை தெரிந்தது. சரோனுக்குத் தாயைப் போல அடர்ந்த முடி, ஒரு கைக்குள் அடங்காது. இப்போது மேலடுக்கு தாடையோடு நின்றது, அடுத்தது தோளோடு, அடியில் இருந்தது மட்டும் முதுகு வரை போனது. மூன்று கால் பிரித்துப் பின்னினால் பாதி வழியில் குட்டை முடியெல்லாம் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி வெளியே நீட்டியது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் இரண்டு தடவை சொல்லியனுப்பினார்.

அவன் நபீலாவிடமே திரும்பப் போய் நின்றான்.

"வெட்டினத ஒட்ட ஏலாது அண்ணே. வளர விடத்தான் வேணும். ஒரு வருஷத்துக்கு மேல போகும்" என்றாள் அவள். பிறகு இரக்கப்பட்டு, ஒரு பொம்மைத் தலையை வைத்துச் செய்து காட்டினாள். லேசான ஈரத்தோடு பின்ன வேண்டும். மூன்று காலும் ஒரே கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னல் முறுக்கிக்கொள்ளும். காதுக்கு மேலேயே தொடங்கி, ஒவ்வொரு மடிப்புக்கும் பக்கத்து முடியில் கொஞ்சம் எடுத்துச் சேர்த்துக்கொண்டே இறங்க வேண்டும். அடுக்கு முடிகிற இடத்தில் ஒரு குட்டி ரப்பர் வளையம் போட்டு, மேல் முடியால் மூடி, மிச்சத்தைப் பின்ன வேண்டும்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனுக்குக் கையில் நிதானம் உண்டு. கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் பட்டை காயப்படும். அப்படியும் சரியான பின்னல் விழ ஆறு வாரம் பிடித்தது. அதுவரை ஞாயிறுகளில் ரிப்பனைப் பெரிதாகக் கட்டி, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்துச் சமாளித்தான். ஹில்டா "சரி" என்றாள். ஒவ்வொரு 'சரி'யும் அவனை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தது.

ஈஸ்டர் கழிந்து இரண்டாம் ஞாயிறு சரோனுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஏழு பிள்ளைகள். ஒன்பதரைக்குப் பூசை. மெழுகுவர்த்தி ஏந்தி, தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து கோயிலுக்கு வரிசையாக நடக்க வேண்டும். வேலை செய்யும் வீட்டில் எல்லோரும் எழும்புமுன், இலங்கை நேரத்துக்கு எட்டு மணிக்கு, கூப்பிடுவதாக ஹில்டா சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மகளைத் தலை முழுக வைத்து, நன்றாக எண்ணெய் தடவினான். இரவு முழுக்கப் பின்னலில் கிடந்தால் குட்டை முடி படியும், காலையில் அவிழ்த்துப் புதிதாகப் பின்னலாம் என்பது கணக்கு. அடுக்குகளுக்கு எட்டு வளையம் வேண்டும். அந்த அடர்த்திக்குப் போட்டதெல்லாம் அறுந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை. தோட்டத்துக் கடையை ஷிஹாப் பூட்டிவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தான்.

லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுத் தங்கம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளும் பால் வெட்டுகிறவள்தான்.

"என்னா அமலு, பின்னலா, கயிறு திரிக்கிறியா?"

"வளையம் அந்து போச்சுக்கா. ரெண்டு மூணு இருந்தா குடுங்க."

"எங்கிட்ட ஏது? ஊரு ஒலகத்துக்கெல்லாம் ரப்பர் வெட்டிக் குடுக்கிறான், மகளுக்கு ஒரு ரப்பர் பேண்ட் இல்லங்கிறான்."

அவள் கேலிக்குச் சொன்னாள். அவனுக்கு அது யோசனையாகப் பட்டது. மரத்தில் வெட்டுக் காயத்தோடு பால் உறைந்து நாடாவாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஒட்டுப்பால். லயத்துக்குப் பின்னாலிருந்த மரத்தில் ஒன்றை உரித்து, நூலாகக் கிழித்து, எட்டு இடத்திலும் கட்டினான். இழுத்தால் நீண்டது, விட்டால் கவ்வியது. கடையில் வாங்கியதைவிட நன்றாக நின்றது. அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் அவிழ்க்க உட்கார்ந்தபோது விரல் வழுக்கியது. பிறகு ஒட்டியது. எட்டு முடிச்சும் இரவோடு இரவாக எண்ணெயைக் குடித்து, உருகிய மிட்டாய் மாதிரி முடிக்குள் இறங்கியிருந்தன. எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும், பால் வாளிப் பக்கம் எண்ணெய்க் கையோடு போகக் கூடாது என்பது தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். இருபது வருஷமாகப் பால் வெட்டுகிறவனுக்கு அது மகளின் தலையைப் பின்னும்போது ஞாபகம் வரவில்லை.

"அப்பா, வலிக்குது."

"இரு பிள்ள. இரு."

தங்கம்மா வந்து பார்த்தாள். இந்த முறை கேலி பண்ணவில்லை. "மண்ணெண்ணெய் போட்டா விடும்."

"கையில மெழுகுதிரி பிடிச்சு நடக்கணும்கா, ஏழு பிள்ளைங்க."

"ஐயோ, ஆமா. அப்ப இன்னும் எண்ணெய வச்சு உருவு. வாரத வாரட்டும்."

ஒன்றரை மணி நேரம் உருவினார்கள். நான்கு வந்தன. நான்கு வரவில்லை. சரோன் அழுகையை அடக்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். முடி நாலா பக்கமும் விரிந்து, அடுக்கு அடுக்காக, அங்கங்கே கறுத்த உருண்டைகளோடு தொங்கியது.

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

மலையில் சிக்னல் இல்லை என்று பிறகு சொல்லலாம். அது பாதி நாள் உண்மை, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எடுக்காமல் விட்டால் அந்தத் தாய் மகளின் முதல் நன்மைக் கோலத்தைப் பார்க்க மாட்டாள். எடுத்தால் நாலு மாதத்துப் பொய் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு வத்தளை. காலை ஐந்து மணிக்கு இந்தப் பலகையில் யாரும் உட்கார மாட்டார்கள்.

"அப்பா, எடுக்கவா?" என்றாள் சரோன். போனைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். அவன் சொல்வதை அவளும் அம்மாவிடம் சொல்வாள் என்று அந்தப் பார்வையில் இருந்தது. நாலு மாதமாக அவளும் கூடவே மறைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவனைப் பார்த்தே பழகியிருந்தாள்.

"எடு."

ஹில்டா எங்கோ ஒரு சமையலறையில், மெல்லிய வெளிச்சத்தில் இருந்தாள். திரும்பச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள்.

"என்னா இது?"

அமல்ராஜ் சொன்னான். சலூனை, படத்தை, வளையத்தை, ஒட்டுப்பாலை. வரிசையாகச் சொல்ல முயன்றும் கடைசியிலிருந்து தொடங்கி முன்னால் போனான். "நீ சொல்லிட்டுப் போனது ஞாபகம் இருந்துச்சு. இருந்தும்தான் வெட்டவிட்டேன்" என்பதையும் சொன்னான்.

ஹில்டா திரைக்குக் கிட்ட வந்தாள்.

"அப்ப கிறிஸ்மஸுக்கு நான் பாத்தது?"

"ரிப்பன் கட்டி மறைச்சது."

"பெப்ரவரியில?"

"அதுல பாதி சரியா விழுந்துச்சு."

"நானும் ஒவ்வொரு கிழமையும் சரி சரின்னிருக்கேன்." குரல் உயரவில்லை. "இங்க அந்தப் பின்னல பாத்துத்தான் படுக்கப் போவேன். அதுவும் பொய்யாப் போச்சு."

சரோன், "அம்மா, நான்தான் கேட்டேன்" என்றாள்.

"நீ கேப்ப. பிள்ளைன்னா கேக்கும்." பிறகு, "வலிக்குதா?"

"கொஞ்சம்."

"அந்த நாலையும் வெட்டுங்க" என்றாள் ஹில்டா அவனிடம். "மேடம் எழும்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. போன எங்கயாச்சும் சாத்தி வைங்க, நான் பாக்கணும்."

தங்கம்மா கத்தரிக்கோலைக் கொடுத்தாள். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தான். ஒவ்வொரு உருண்டையாக, அதற்கு அடியில் ஒரு விரலை வைத்து, முடிந்தவரை நுனியோடு வெட்டினான். பிறகு தண்ணீர் தொட்டு இரண்டாக வகிடெடுத்து, காதுக்கு மேல் தொடங்கினான். பக்கத்து முடியைச் சேர்த்தான், அடுத்த மடிப்புக்கு இன்னும் கொஞ்சம். வளையம் இல்லாத இடத்தில் தங்கம்மா தன் தலையிலிருந்து கழற்றிய கொண்டை ஊசிகளைக் குத்தினான். அவன் பின்னுவதை ஹில்டா பார்ப்பது இதுதான் முதல் தடவை.

இடது பக்கம் முடிந்தபோது அவனால் அடக்க முடியவில்லை.

"போர்டிங்..." என்றான்.

"இப்ப அதப் பேசல." உள்ளே எங்கோ கதவு திறக்கும் சத்தம் கேட்டு ஹில்டா குரலைத் தாழ்த்தினாள். "பேச மாட்டேன்னும் சொல்லல. ஆனா இனிமே பின்னி முடிச்சிட்டுக் காட்டாதீங்க. பின்னுறப்பவே கூப்பிடுங்க. எப்படி வந்தாலும் பரவால்ல."

"காலையில அஞ்சு மணிக்கு."

"இங்க ரெண்டரை. ஞாயித்துக்கிழமை மட்டும் எழும்புறேன். சரோன், நேரா உக்காரு."

சரோன் நிமிர்ந்தாள். கீழே கோயிலில் முதல் மணி அடித்தது. வலது பக்கம் இன்னும் தொடங்கவேயில்லை. அவன் சீப்பை ஈரத்தில் தோய்த்தான்.